காற்றில் விலைச்சீட்டு படித்தவன்

போன மாதம் என் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் மேற்கு மாம்பலத்தில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார்கள். காப்பி குடித்துக்கொண்டே கைபேசியில் ஒரு படம் காட்டினார்கள். ஏதோ வெளிநாட்டில், ஒரு பெரிய கண்ணாடிக் குழாய்க்குள், கீழிருந்து அடிக்கிற காற்றில் ஓர் ஆள் குப்புறப் படுத்தபடி மிதந்துகொண்டிருந்தார். விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பவர்கள் இப்போதெல்லாம் இப்படிக் கட்டடத்துக்குள்ளேயே பழகிக்கொள்கிறார்களாம்.

"உங்க காலத்துல இதெல்லாம் ஏது சார்?" என்றான் ஒருவன்.

"தம்பி, எழுபதுகளின் தொடக்கத்திலேயே ஒரு ஜவுளிக்கடைக்காரர் பிள்ளையை நான் காற்றில் தொங்கவிட்டிருக்கிறேன்" என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோபம் என்று சொன்னேனே தவிர, எழுத ஆரம்பித்ததிலிருந்து சிரிப்புத்தான் வருகிறது. என் மனைவி இரண்டு தடவை உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

நான் ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வேலை படித்துவிட்டு, அறுபதுகளின் கடைசியில் அடையாறு பக்கம் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். அங்கே ஒரு காற்றுச் சுரங்கம் இருந்தது. சுரங்கம் என்றதும் பூமிக்கடியில் தேடாதீர்கள். மரத்தால் செய்த நீளமான கூண்டு. ஒரு முனையில் ஆளை விட உயரமான விசிறி. விசிறியைச் சுற்றவிட்டு, வருகிற காற்றில் விமான மாதிரிகளை வைத்து, எங்கே இழுக்கிறது, எங்கே தூக்குகிறது என்று அளப்பார்கள். நாங்கள் அதை டனல் என்போம். என்னோடு வேலை பார்த்த கபாலி மட்டும் கடைசிவரை 'காத்துப் பொட்டி' என்றே சொன்னான். முதல் மூன்று வருஷம் நான் பெயிண்ட் அடித்தேன், திருகு முடுக்கினேன், திட்டு வாங்கினேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது வைத்தியநாதன் சாரைப் பற்றி. டனலுக்கு அவர்தான் பொறுப்பு. மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் வருவார். ஒல்லியான மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வேலை சரியாக நடந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். தப்பாக நடந்தால் "பேஷ்" என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் பாராட்டு என்று நினைத்துப் பல்லை இளிப்பார்கள். நானும் ஒரு மாதம் இளித்திருக்கிறேன்.

டனலை ஓட்டுவதற்கு முன்னால் சாருக்கு ஒரு சடங்கு உண்டு. முதலில் ஒரு தாம்பாளம் வரும். கூடத்தில் இருக்கும் எல்லோரும் பையில் இருப்பதை அதில் கொட்ட வேண்டும். பேனா, சீப்பு, சில்லறை, பீடிக்கட்டு, விபூதிப் பொட்டலம், பஸ் டிக்கெட், எதற்கும் விலக்கில்லை. சார் தன் பொடி டப்பாவை முதலில் வைப்பார். விசிறி ஓடும்போது பத்துப் பைசா உள்ளே போனால் அது காசில்லை, துப்பாக்கிக் குண்டு என்பது அவர் கட்சி. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் ஒரு விசிறி இதழ் அப்படித்தான் சிதறியதாம்.

தாம்பாளம் முடிந்ததும் "காத்து வர்றது" என்று சார் மூன்று தடவை சொல்வார். ஒவ்வொரு தடவையும் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் அவரவர் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு பெயர் குறைந்தாலும் ஸ்விட்சில் கை வைக்கக் கூடாது. கூடத்திலேயே மூன்று பேர்தான் இருந்தாலும் இது உண்டு. ஒரு நாள் கபாலிக்குப் பொறுக்கவில்லை.

"எதிர்லயே தான கீறேன்? கண்ணு தெர்லயா சார் உனுக்கு?"

"தெரியறது. பேரைச் சொல்லு."

"கபாலி, கபாலி, கபாலி! மூணையும் சேத்துச் சொல்லிட்டேன், போதுமா?"

"பேஷ்" என்றார் சார். முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இப்படி இருந்த இடத்துக்கு ஒரு நாள் ஜோசப் மாஸ்டர் வந்தார். பட்டாளத்தில் பாராசூட் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், அடையாற்றில் குடியிருந்தார். ஊருக்குத் தெற்கே ஒரு பழைய விமானத் திடலில் ஆறு இளைஞர்களைச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் குதிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். கூடவே ஒரு பையனை அழைத்து வந்திருந்தார். பையன் என்று அப்போது நினைத்தேன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயதுதான், இருபத்தைந்து. பெயர் முத்துவேல். தி.நகரில் அவன் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர்கள்.

விஷயம் இதுதான். விமானத்திலிருந்து குதித்தவுடனே பாராசூட்டை விரிக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கையையும் காலையும் விரித்துக் குப்புற விழ வேண்டும். அப்படி விழும்போது மற்ற ஐந்து பேரும் நேராக விழுகிறார்கள். முத்துவேல் மட்டும் பம்பரமாகச் சுற்றுகிறான். சுற்றிக்கொண்டே விரிப்பதால் பாராசூட் கயிறுகள் முறுக்கிக்கொள்கின்றன. கடைசித் தடவை அந்த முறுக்கு அவிழவே இல்லை. நெஞ்சில் கட்டியிருந்த உதிரிப் பாராசூட்டை விரித்துத்தான் தப்பித்திருக்கிறான்.

"மேல என்ன பண்றான்னு எனக்குத் தெரியல. கேட்டா அவனுக்கும் தெரியல" என்றார் மாஸ்டர். "இன்னும் ஒரே ஒரு குதி. அதுலயும் சுத்தினான்னா பூட்ஸைக் கழட்டி வாங்கிருவேன் சார். ஒரு உயிரைக் கையில வச்சுகிட்டு என்னால வேடிக்கை பாக்க முடியாது."

முத்துவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாரிடம் மெதுவாகச் சொன்னான். "சார், நான் பத்து வயசுலருந்து கடைல உக்காந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை அந்தக் கதவுலருந்து வெளிய காலை வைக்கறப்பதான் நான் நானா இருக்கேன். இதை மட்டும் எடுத்துறாதீங்க."

சார் மேசைக்குப் போனார். காகிதத்தை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார். எனக்கு அப்போதே குஷி பிறந்துவிட்டது.

அந்தக் கண்ணாடிக் குழாயில் செய்வதுபோல ஓர் ஆளை மிதக்கவிட எங்கள் விசிறிக்குத் தெம்பு கிடையாது. ஆனால் சுற்றுகிறானா இல்லையா என்று பார்க்க மிதக்க வேண்டியதில்லையே, தொங்கினால் போதாதா என்றார் சார். டனலின் வாயில் பிளைவுட்டால் முழங்கை மாதிரி வளைந்த ஒரு குழாய் செய்து மாட்டினோம். படுத்து வருகிற காற்று அதில் திரும்பி எழுந்து நிற்கும். மேலே கம்பி வலை. கூரையில் கபாலியின் சங்கிலிக் கப்பி. கப்பிக் கொக்கியில் ஒரு பழைய லாரிச் சக்கரத்தின் பேரிங், அதிலிருந்து பாராசூட் வார்கள். வாரில் மாட்டிக் குப்புறத் தொங்குகிற ஆளைக் காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் பேரிங் தடுக்காமல் சுற்றும்.

முதலில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டோம். பிறகு என்னை.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அந்த ஐந்து நிமிஷம் இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. விசிறி வேகம் எடுக்க எடுக்க உடம்பின் பாரம் வாரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. கன்னம் இரண்டும் காதுப் பக்கம் போயின. வாயைத் திறந்தேன், மூட முடியவில்லை. கையை லேசாகச் சாய்த்தால் உடம்பு சாய்கிறது. நிமிர்த்தினால் நிமிர்கிறது. இத்தனை நாள் மாதிரி விமானங்களுக்கு நான் கொடுத்த காற்று இதுதானா என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தண்டபாணி, என்ன தெரியறது?" என்று கீழிருந்து கத்தினார் சார்.

"சிரிப்பா வருது சார்!"

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல சார், சிரிப்புதான்!"

சார் குறிப்பேட்டில் எழுதினார். பிறகு எடுத்துப் பார்த்தேன். 'சுழற்சி இல்லை. தொங்குபவர் சிரிக்கிறார்' என்று இருந்தது.

மறுநாள் முத்துவேல். தாம்பாளத்தில் அவன் பையிலிருந்து விழுந்ததெல்லாம் ஜவுளிக்கடைச் சாமான்: அங்குல நாடா, குண்டூசி, நூல்கண்டு, சேலையில் தைக்கிற விலைச்சீட்டு ஒரு கட்டு. வாரில் மாட்டித் தூக்கினோம். கையையும் காலையும் அழகாக விரித்தான். காற்று வந்தது. நேராகத்தான் இருந்தான். "பார்த்தீங்களா, சுத்தல!" என்று அவனே கத்தினான்.

"தம்பி, உயரமானியைப் பாரு" என்றார் மாஸ்டர். இன்னும் எவ்வளவு உயரம் மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிற கருவி அது. கைக்கடிகாரம் மாதிரி இடது மணிக்கட்டில் கட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் எப்போது விரிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். முத்துவேல் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தான். அவ்வளவுதான், இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தவன் நிற்கவே இல்லை. "ஐயோ, அறுந்துக்கினு பூடப்போறான்!" என்று கத்திக்கொண்டே கபாலி இறக்கினான்.

கையை மடக்கினதால்தான் சுற்றுகிறான் என்றேன். சார் என்னை மறுபடி வாரில் மாட்டி, அதே மாதிரி கையைத் தூக்கச் சொன்னார். நான் லேசாகத் திரும்பி நின்றுவிட்டேன். காரணம் கை மட்டும் இல்லை. அடுத்த நாள் சார் தன் வீட்டிலிருந்து சிவப்புக் கம்பளி நூல் கொண்டுவந்தார். விரல் நீளத்துக்கு வெட்டி, முத்துவேலின் உடுப்பு முழுக்க வரிசையாக ஒட்டச் சொன்னார். காற்று நன்றாகப் பிடிக்கிற இடத்தில் நூல் விறைத்து நிற்கும். பிடிக்காத இடத்தில் தொய்ந்து ஆடும். கப்பியை ஒட்டிக் கூரையருகே இருந்த மேடையில் ஏறி மேலிருந்து பார்த்தேன். உயரமானியைப் பார் என்று மாஸ்டர் சொன்ன நொடியில் முத்துவேலின் இடது முழங்காலுக்குக் கீழே அத்தனை நூலும் தொய்ந்தன. கால் தானாக உள்ளே மடங்கியிருந்தது.

"நான் மடக்கலியே! ரெண்டு காலையும் ஒண்ணாத்தான வச்சிருந்தேன்?" என்றான் அவன். பொய் சொல்லவில்லை, பாவம். அவனுக்குத் தெரியவே தெரியாது. காலை நினைத்துக்கொண்டிருக்கும்வரை கால் நீட்டியபடி இருந்தது. கண் மணிக்கட்டுக்குப் போனதும் கால் அதன் வேலையைப் பார்த்தது. ஏன் என்று சாருக்கும் புரியவில்லை.

புரிந்தது எனக்குத்தான், அதுவும் தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போன இடத்தில். எனக்குக் கல்யாணம் ஆன முதல் வருஷம். தெரிந்தவன் கடையிலேயே எடுப்போம் என்று என் மனைவி மல்லிகாவை முத்துவேல் கடைக்கு அழைத்துப் போனேன். அப்போதெல்லாம் அந்த மாதிரிக் கடைகளில் தரையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. விற்பவரும் அதில்தான், வாங்குபவரும் அதில்தான். முத்துவேல் இடது காலை உள்ளே மடக்கி, வலது முழங்காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து, சேலையை விசிறிப் போட்டுக்கொண்டிருந்தான். மல்லிகா ஒன்றைத் தொட்டு விலை கேட்டாள். சேலை முந்தியைத் தூக்கி, விலைச்சீட்டை முகத்துக்கு நேரே கொண்டுவந்து படித்தான். அப்போது அவனுடைய இடது கால் இன்னும் ஓர் அங்குலம் உள்ளே இழுத்துக்கொண்டது.

"இன்னொரு தடவை விலை சொல்லு" என்றேன். படித்தான். கால் இழுத்தது. "அதுக்கு?" இழுத்தது. "இதுக்கு?" இழுத்தது. நான் மெத்தையிலேயே ஒரு துள்ளு துள்ளினேன்.

"பொடவையப் பாக்கச் சொன்னா அந்தாளு காலைப் பாத்துக்கினு கீற! உனுக்கு இன்னா ஆச்சு?" என்று மல்லிகா காதோரம் பல்லைக் கடித்தாள். அன்று நான் எந்தப் புடவைக்குத் தலையாட்டினேன் என்று எனக்கே தெரியாது. அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

பதினைந்து வருஷமாக அவன் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது. முகத்துக்கு நேரே எதையாவது தூக்கிப் படித்தால் இடது காலை மடக்கு. வானத்தில் அது உயரமானி என்று காலுக்கு யார் சொல்வது?

காரணத்தைக் கண்டுபிடித்தவன் நான், மருந்தும் நானே சொல்வேன் என்று எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இனிமேல் கடையில் வலது காலை மடக்கி, இடது முழங்காலைத் தூக்கி உட்கார் என்றேன். பழக்கம் மாறினால் சுழற்சி நின்றுவிடும் அல்லவா? சாரிடம் சொன்னபோது "பேஷ்" என்றார். எனக்கு இருந்த குஷியில் அதன் அர்த்தம் மறந்துபோயிற்று.

முத்துவேல் மூன்று வாரம் ஒரு தவம் மாதிரி அப்படியே உட்கார்ந்தான். மறுபடி தொங்கவிட்டோம். உயரமானியைப் பார்த்தான். வலப்பக்கமாகச் சுற்றினான்.

கபாலி கப்பிச் சங்கிலியைப் பிடித்தபடியே சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டான். மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். இறக்கின பிறகு பார்த்தால் முத்துவேல் வலை மேல் உட்கார்ந்து, கையுறையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். "அந்தக் கடைசிக் குதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்குண்ணே" என்றான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கம்தான்.

அப்போதுதான் சார் வாயைத் திறந்தார். "தண்டபாணி, அவன் கடைல எப்படி உக்காந்துண்டா நமக்கு என்ன? கால் நீட்டிண்டு இருக்கறப்போ சீட்டைப் படிக்கணும். அது இங்கதானே முடியும்? சீட்டை இங்க கொண்டு வா."

காற்றுக்குள் உதிரியாக எதுவும் போகக் கூடாதே. அதனால் அவன் கடை விலைச்சீட்டுகளையே இடது கையுறையின் மணிக்கட்டில், நாலு பக்கமும் நெருக்கித் தைத்தேன். தினம் ஒரு புதுச் சீட்டு. காற்றில் தொங்கிக்கொண்டு கையைத் தூக்கி விலையைச் சத்தமாகப் படிக்க வேண்டும். கால் மடங்கினால் நான் மேலிருந்து ஒரு மூங்கில் குச்சியால் அந்தக் காலைத் தட்டுவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பக்கம் போனவர்கள் விசிறி இரைச்சலுக்கு மேலே ஒருவன் சேலை விலை கத்துவதைக் கேட்டிருப்பார்கள். முதல் நாள் அறுபது தட்டாவது தட்டியிருப்பேன். நாலாம் நாள் இருபது இருக்கும்.

ஆறாம் நாள் வந்தார் அண்ணாச்சி, முத்துவேலின் அப்பா.

நடந்தது என்னவென்றால், காற்றில் பழகின கால் கடையிலும் நீள ஆரம்பித்துவிட்டது. மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு மாமி விலை கேட்க, முத்துவேல் சீட்டைத் தூக்கிப் படித்துக்கொண்டே, அந்த அம்மாள் மடியை நோக்கி இடது காலை முழுசாக நீட்டிவிட்டான். வியாபாரம் நடக்கிற மெத்தையில், வந்தவர் முன்னால், அதுவும் வெள்ளிக்கிழமை! மாமி எழுந்து போய்விட்டாள். அப்பா கடை ஆட்களை விசாரித்த விசாரிப்பில், இந்தி வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவந்த மகன் எங்கே போகிறான் என்பது வெளியே வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே மகனுக்குத் தெரியாமல் பின்னால் வந்துவிட்டார். நல்ல வளர்த்தி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு.

"எவம்ல எம் மவனுக்குக் கால நீட்டச் சொல்லிக் குடுத்தது?"

மகன் ஏற்கெனவே மேலே தொங்கிக்கொண்டிருந்தான். விசிறி ஓடவில்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது. நானும் கபாலியும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தோம். மாஸ்டர் சுவரோரம் நின்றிருந்தார். சார் மட்டும் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றார்.

"பையில இருக்கறதையெல்லாம் இதுல போடுங்கோ."

அண்ணாச்சி திகைத்துப் போனார். சாரின் குரலில் ஏதோ இருந்தது. கடைச் சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பொட்டலம் எல்லாம் தாம்பாளத்துக்கு வந்தன. துண்டையும் வாங்கிக்கொண்டார் சார். "காத்து வர்றது" என்றார். நாங்கள் பெயர் சொன்னோம். மேலிருந்து "முத்துவேல்" என்று மெல்லிய குரல் வந்தது. சார் அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன வே பாக்கீரு?"

"உங்க பேரு."

"ஆறுமுகம்."

மூன்று தடவை சொல்ல வைத்துவிட்டுத்தான் சார் ஸ்விட்சைப் போட்டார்.

காற்று எழுந்தது. முத்துவேல் கை கால் விரித்து அதில் படுத்தான். வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். மகன் கையைத் தூக்கினான். கால் அசையவில்லை. "காஞ்சிபுரம் பட்டு, நூத்திப் பத்து!" என்று கத்தினான்.

"ஏலே!" என்று அதற்கு மேல் கத்தினார் அண்ணாச்சி. "அது நூத்தி இருவதுலா! சீட்ட ஒழுங்காப் பாருல!"

முத்துவேல் மறுபடி சீட்டைப் பார்த்தான். "நூத்தி இருவதுதான்ப்பா!" கால் நீட்டினது நீட்டினபடி இருந்தது. என் மூங்கில் குச்சிக்கு அன்று வேலையே இல்லை.

இறங்கின பிறகு அண்ணாச்சி மகனிடம் பேசவில்லை. மாஸ்டரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். கயிறு முறுக்கியதைச் சொன்னபோது மட்டும் அவர் கை பக்கத்தில் இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டது. "நீங்க சொன்னதுதான் நானும் சொல்லுதேன்" என்றார் மாஸ்டரிடம். "ஒரு தடவ. அதுல முறுக்குச்சுன்னா அதுக்கப்புறம் கடைய விட்டு இவன் கால் வெளிய வரப்படாது." மகன் தலையாட்டினான். வேறு என்ன செய்வான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை திடலில் நாங்கள் நாலு பேர் நின்றோம். மாஸ்டர், சார், நான், அண்ணாச்சி. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போவதாகக் கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தார் அவர். வேறு பொய் கிடைக்கவில்லையா என்று கேட்க நினைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். விமானம் மேலே போய்ச் சின்னதாகிவிட்டது. அதுவரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி சட்டென்று திரும்பி, என் முழங்கையைப் பிடித்து, என் முகத்தைப் பார்த்து நின்றுகொண்டார்.

"என்னால பாக்க முடியாது. நீரு பாத்துச் சொல்லும்."

நான் மட்டும் எதைப் பார்ப்பது? தொலைநோக்கி மாஸ்டர் கண்ணில் இருந்தது. "குதிச்சுட்டான்" என்றார் அவர். பிறகு ஒவ்வொரு நொடிக்கும் ஒரு சொல். "நேர்... நேர்... நேர்..."

"நேரா வர்றான் அண்ணாச்சி."

"சுத்துதானா?"

"இல்ல."

"நேர்... நேர்..." பிறகு மாஸ்டர் குரல் மாறியது. "கையைத் தூக்கறான்."

அதற்குப் பிறகு அவரிடமிருந்து சத்தமே வரவில்லை. என் முழங்கையில் அண்ணாச்சியின் விரல்கள் எலும்பைத் தொட்டன. பக்கத்தில் வைத்தியநாதன் சார் வானத்தைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தார். சுலோகம் என்று நினைத்தேன். கொஞ்சம் சாய்ந்து கேட்டால், "காலை நீட்டு, காலை நீட்டு, காலை நீட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேர்!" என்று மாஸ்டர் கத்தினார். பட்டென்று வானத்தில் வெள்ளையாக விரிந்தது. அதன் கீழே கயிறுகள் ஒரு முறுக்கும் இல்லாமல் விசிறி மாதிரி பிரிந்து நின்றன. நான் குதித்தேன், சிரித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"என்ன வே அழுதீரு? என்னாச்சு? எம் பிள்ளைக்கு என்னாச்சு?" என்று அண்ணாச்சி என்னைப் பிடித்து உலுக்கினார். அவர் மோவாயைப் பிடித்து மேலே திருப்பினேன்.

பார்த்தார். வெயில் முகத்தில் அடித்தது, கண்ணைக் கூட மூடவில்லை. அவன் ஆடி ஆடி இறங்குகிற அத்தனை நேரமும் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச தூரத்தில் ஒரு வேலிக்கருவேல மரத்தருகே போய் விழுந்தான் முத்துவேல். பாராசூட்டைச் சுருட்டி மார்பில் அணைத்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் மண், பல்லெல்லாம் சிரிப்பு. அப்பாவைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

அண்ணாச்சி துண்டை எடுத்து அவன் முகத்து மண்ணைத் துடைத்தார். காதுக்குப் பின்னாலும் துடைத்தார்.

"அடுத்தால எப்பம்ல குதிக்க?"

"மாஸ்டர் சொல்லணும்ப்பா."

"ஒரு வாரத்துக்கு முந்தியே சொல்லிப்போடு. கடைய அடச்சிட்டு, ஒங்க அம்மையையும் கூட்டிட்டு எல்லாரும் வாரோம்."